திருஷ்டி பொம்மை கொடுத்த வாக்கு

நாச்சிமுத்துவின் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு மாடு வந்து நின்ற காலையில்தான், இனிமேல் இலவச ஆன்ட்டிவைரஸை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது என்று அவன் மனைவி கலாமணி தீர்ப்புச் சொன்னாள்.

மாட்டின் மேல் குற்றமில்லை. கேட்டு திறந்திருந்தது, கதவு திறந்திருந்தது, "வாங்க, உக்காருங்க" என்று வீட்டுக் கணினி வாய் நிறைய வரவேற்றது. எந்த மாடு வேண்டாம் என்று சொல்லும்? உள்ளே வந்து, வடித்து வைத்திருந்த சோற்றில் பாதியைத் தின்றுவிட்டு, ஃபிரிட்ஜின் மேல் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

கேட்டுக்கும் மோட்டாருக்கும் போனுக்கும் கரண்டு பில்லுக்கும் வீட்டுக் கணினியே பொறுப்பு என்று ஆகிவிட்ட காலம் அது. சாவிக்கொத்து என்ற ஒன்றை ஜனங்கள் மறந்தே போயிருந்தார்கள். அப்படிப்பட்ட கணினிக்குச் சூதுவாது தெரியாமல் போனால் வீடு சத்திரம்தான்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெசிந்தா வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நீங்க ஓசியில போட்டு வெச்ச ஆன்ட்டிவைரஸ்தானுங்ணா வைரஸு. திருடனையே கூட்டியாந்து வாட்ச்மேன் வேலை குடுத்திருக்கீங்க."

"வெளம்பரத்துல நல்லாத்தான போட்டிருந்தான்?" என்றான் நாச்சிமுத்து. தென்னை நார் மில் நடத்துகிறவன். கேரளத்து வியாபாரிகளிடம் விடிய விடிய பேரம் பேசி ஜெயிப்பான். ஆனால் 'இலவசம்' என்ற சொல்லைக் கண்டால் மட்டும் அவனுக்குப் புத்தி லேசாகக் கலங்கிவிடும்.

"உங்களுக்கு ரெண்டு வேணுங்ணா. ஆன்ட்டிவைரஸ்ங்கறது உள்ள பூந்த எலியப் புடிக்கற பூனை. ஃபயர்வால்ங்கறது வாசல்ல நின்னு யாரு என்னன்னு கேக்கற ஆளு. பூனை எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரிதான். வாசல்ல நிக்கற ஆளைத்தான் பாத்து எடுக்கோணும். குணம் ஒத்து வரோணும்ல?"

மூன்று ஃபயர்வால்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

முதலில் வந்தது 'கோட்டை'. பேருக்கேற்ற சரக்கு. வந்த அன்றே கலாமணியின் அம்மாவின் போனைத் தடுத்து நிறுத்தியது. நாச்சிமுத்து அதை மெச்சி, "இதுவே இருக்கட்டும் புள்ள, நல்லா வேலை செய்யுது" என்றான். அடுத்த நாள் ஆலப்புழை வியாபாரியின் போனையும் தடுத்தது. அதற்கும் அடுத்த நாள் நாச்சிமுத்துவுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியது. குரல் ஒத்துவரவில்லை என்று அவனையே கேட்டுக்கு வெளியில் மழையில் நிறுத்திவிட்டது. மாமியார் ஊரிலிருந்து யாரோ சாபம் விட்டிருக்கிறார்கள் என்று கலாமணி சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாவது 'உத்தரவு'. இது எதையும் தடுக்காது, எல்லாவற்றுக்கும் கேட்கும். தண்ணீர் மோட்டார் போடலாமா, பால்காரர் போனை எடுக்கலாமா, மில்லுக்குக் கணக்கு அனுப்பலாமா என்று குளியலறை வரை வந்து கேட்டது. முதல் நாள் யோசித்துப் பதில் சொன்னார்கள். பிறகு யோசிக்காமல் சொன்னார்கள். வாரக் கடைசியில் எது கேட்டாலும் "ம்" கொட்டினார்கள். அப்படி ஒரு "ம்"மில்தான் முன்பின் தெரியாத எவனோ வீட்டுக் கேமரா வழியாக நாச்சிமுத்து பனியனோடு பல் தேய்ப்பதைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தான்.

"கேள்வி கேட்டே ஆளைச் சலிக்க வெச்சா இப்புடித்தான் ஆகும்" என்றாள் ஜெசிந்தா. "சரி, மூணாவது ஒண்ணு இருக்குது. பேரு 'திருஷ்டி'. புது வீடு கட்டறப்ப முன்னால ஒரு பொம்மை தொங்க வுடறோமில்ல? வர்றவன் போறவன் கண்ணு வீட்டு மேல படாம பொம்மை மேல படட்டும்னு? அதேதானுங்ணா இது."

"கம்ப்யூட்டர்ல பொம்மையா?"

"உங்களையே பொம்மையாப் பண்ணி வாசல்ல உக்கார வெச்சுரும். உங்க குரலு, உங்க பேச்சு. தெரியாத ஆளு யாரு கூப்பிட்டாலும் அந்தப் பொம்மைதான் எடுக்கும். திருடன் நீங்கன்னு நெனச்சு அதுகிட்ட மணிக்கணக்காப் பேசி மாண்டு போவான். அவன் வெச்சுட்டாலும் இது திருப்பிக் கூப்பிட்டுப் பேசும். அவன் நேரத்தைத் தின்னறதுதான் இதுக்கு வேலை."

"நான் பேசற மாதிரியே பேசுமா?" கலாமணிக்குக் கவலை. "அப்பறம் திருடன் அழுதுட்டுப் போயிருவானே."

"இல்லீங்க்கா, குரல் மட்டுந்தான் உங்களுது. குணம் அதோடது. தேனா ஒழுகும். அப்பத்தான எதிராளி வெக்காம பேசுவான்? அதே மாதிரி முழுப் பொய்யும் சொல்லாது, கண்டுபுடிச்சுருவானுங்க. வீட்டு நல்லது கெட்டதை நெசமாவே பேசும். காசு, நகை, பூட்டு, இதுல மட்டும் பொய் சொல்லும்."

இதில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. தெரிந்த ஆள் என்று கணினி ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், அந்த ஆள் நேரில் வீட்டுக்கு வந்து அதன் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும். குரலைத் திருடிப் போனில் பேசும் கூட்டம் பெருகிவிட்டதால், போனில் கேட்கும் குரலை யாரும் நம்புவதில்லை. பெற்ற பிள்ளையே கூப்பிட்டு "அம்மா" என்றாலும், "எங்க, நேர்ல வா பாக்கலாம்" என்கிற காலம்.

வீடு கல்யாண வீடு போல ஆயிற்று. பால்காரர் வந்தார், கோயில் பூசாரி வந்தார், மில் ஆட்கள் வந்தார்கள். வரப்புத் தகராறில் நாச்சிமுத்து மேல் கேஸ் போட்டிருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கூட வந்து, கணினி முன்னால் உட்கார்ந்து அவனைத் திட்டிவிட்டுக் காபி குடித்துப் போனார். கலாமணியின் அம்மா வந்து ஒரு வாரம் தங்கிப் பேசினாள்.

"அவ்வளவுதானுங்ணா? கூடப் பொறந்தவங்க யாராச்சும்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஒருத்தி இருந்தா" என்றான் நாச்சிமுத்து. கலாமணி காபி டம்ளர்களைச் சத்தமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பூங்கொடி அவனுக்குப் பத்து வயது இளையவள். உடுமலைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சைக்கிள் பார் கம்பியில் உட்கார வைத்து அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் இவன்தான். வழியெல்லாம் இருவரும் சண்டை போடுவார்கள். அது அவர்களுடைய பாசம். ஒருவருக்கொருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை.

இந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, வேலை மிச்சம் என்று நாச்சிமுத்து அழைப்பிதழைக் கணினியை விட்டே எல்லாருக்கும் அனுப்பச் சொன்னான். அது பூங்கொடிக்கும் போயிற்று. பிறந்த வீட்டுப் பெண்ணை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய்க் கூப்பிட வேண்டும். நிறைகுடம் தூக்கி முதலில் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க வேண்டியவள் அவள். "கேபிள்காரனுக்கும் எனக்கும் ஒரே மெசேஜா?" என்று அவள் வரவில்லை. "அவ வீட்டுக்கு அவளுக்கு எதுக்கு அழைப்பு?" என்று இவன் முறுக்கிக்கொண்டான். இரண்டும் நியாயம்தான். இரண்டு நியாயங்கள் முட்டிக்கொண்டால் சமாதானம் பண்ண யாராலும் முடியாது. அதன் பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று வயதாகியும் தாய்மாமன் முகம் பார்க்கவில்லை.

திருஷ்டி வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் சந்தோஷம் பெருகிற்று என்றே சொல்ல வேண்டும். பொம்மை யார் யாரிடம் என்ன பேசியது என்பதைப் பொழுது சாயும் வேளையில் போட்டுக் கேட்பார்கள். பேங்க் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் கூப்பிட்டிருப்பான். பொம்மை நாச்சிமுத்து, "அப்படீங்ளா தம்பி, பாவம் எவ்வளவு கஷ்டப்படறீங்க. ஆமா, உங்க ஊருல தேங்காய் என்ன வெலை போகுதுங்க?" என்று ஆரம்பித்து, கருப்பட்டிக் காபியில் நுழைந்து, அவனுடைய மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்லி முடிப்பதற்குள் திருடன் தன் காதல் தோல்வியைச் சொல்லி அழுதிருப்பான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வழக்கை மறந்து, முறுக்குப் பொட்டலத்தோடு கேட்க வந்துவிடுவார்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அந்தக் குரல் வந்தது.

"ஏ அண்ணா, நாந்தான்."

"சாப்பிட்டியா கண்ணு?" என்றது பொம்மை.

மறுமுனை சட்டென்று வைத்துவிட்டது.

நாச்சிமுத்துவுக்கு முறுக்கு தொண்டையில் நின்றது. பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தியா? என்ற தங்கச்சி குரலையே திருடிட்டானுங்க. பொம்மை கேட்ட கேள்வியில பயந்து ஓடிட்டான்." எல்லாரும் சிரித்தார்கள். கலாமணி சிரிக்கவில்லை.

ஆனால் அடுத்த வாரம் அதே குரல் நெடுநேரம் பேசியிருந்தது. அதற்கடுத்த வாரமும். "நல்லா இருக்கீங்ளாண்ணா? அண்ணி சௌக்கியமா? அங்க மழைங்ளா?" என்று குழைந்தது. பொம்மையும் சளைக்காமல் குழைந்தது. சின்ன வயதில் சைக்கிளில் போனதைப் பற்றி இரண்டும் உருகி உருகிப் பேசின. நாச்சிமுத்து இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரரைச் சேர்க்காமல் தனியாக உட்கார்ந்து கேட்கலானான். மில்லிலிருந்து கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடுவதையும் கலாமணி கவனித்தாள்.

"திருடனா இருந்தா இந்நேரம் காசு கேட்டிருக்க மாட்டானுங்களா?" என்றாள் அவள். "பூங்கொடியேதாங்க. புள்ளைக்குக் கோவம் தணிஞ்சிருச்சு."

"நீங்க வாங்கன்னு மரியாதையாப் பேசறாளே?"

"தாயாயிட்டா. பக்குவம் வந்திருக்கும். உங்களுக்கும் வந்தாத் தேவலை."

அந்த வாரத்துப் பேச்சில்தான் குண்டு விழுந்தது. "நறுமுகைக்கு வர்ற வெள்ளிக்கெழமை வீட்டுலயே காது குத்தறோமுங்ணா. தாய்மாமன் மடி வேணுமில்லீங்களா?" என்றது குரல். நாச்சிமுத்துவின் சொந்தக் குரல் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னது: "என்ற மருமகளுக்கு நான் வராம இருப்பனா கண்ணு? என்ற மடியிலதான் குத்தறோம். இது உன்ற அண்ணன் வாக்கு."

நாச்சிமுத்து அதை அங்கேயே நிறுத்தினான். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"பொம்மை எதுக்கு வேணா தலையாட்டுமுங்ணா, ஆளை வெக்க வுடாம இருக்கறதுக்கு" என்றாள் அவள். "கூப்பிடறது உடுமலையிலருந்துதான். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. விசேஷம்னு சொல்லிக் குடும்பத்தை வெளிய கெளப்பி வுட்டுட்டு, வீட்டைக் காலி பண்றவனும் இருக்கான். சூதானமாப் பாத்துக்கங்க."

"போன் போட்டுக் கேட்டர்றது?" என்றாள் கலாமணி.

"எடுக்கறவனும் அதே குரல்லதானுங்க்கா பேசுவான்."

நாச்சிமுத்து முற்றத்தில் நடந்தான். போய்ப் பார்த்து, அது திருடன் வேலையாக இருந்தால் அழையாத வீட்டு வாசலில் சீர்த் தட்டோடு நிற்பான், ஊர் சிரிக்கும். போகாமல் இருந்து, கூப்பிட்டவள் பூங்கொடியாகவே இருந்தால், அண்ணன் வாயால் வாக்குக் கொடுத்துவிட்டுக் குழந்தையை மடிக்குக் காக்க வைத்தான் என்றாகும். அதன் பிறகு இந்த ஜென்மத்தில் தங்கச்சி இல்லை. அவமானம் எவ்வளவு என்று அவனுக்குக் கணக்குத் தெரிந்தது. தங்கச்சி எவ்வளவு என்பதற்குத்தான் கணக்குத் தெரியவில்லை.

"கலா, கம்மல் எடுக்கோணும். சாமான் என்னென்ன வேணும்னு உனக்குத்தான தெரியும்? கெளம்பு."

வெள்ளிக்கிழமை காலை உடுமலையில் பூங்கொடியின் வீட்டு கேட்டில் மாவிலைத் தோரணம் தொங்கியது. அதைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்குப் பாதி உயிர் வந்தது. கலாமணி பழத்தட்டும் புதுப் பாவாடை சட்டையும் ஏந்தி நின்றாள். அவன் வெற்றிலை பாக்குத் தட்டைத் தானே பிடித்துக்கொண்டு மணியை அழுத்தினான்.

"வாங்கண்ணா, வாங்க" என்றது கேட்டின் மேலிருந்த ஒலிபெருக்கியில் பூங்கொடியின் குரல். "சாப்பிட்டீங்ளா? அண்ணியும் வந்திருக்காங்ளா? மனசு குளுந்து போச்சுங்ணா."

நாச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. கேட்டு திறக்கட்டும் என்று நின்றான்.

"வெயில்ல வந்திருக்கீங்களே. அங்கல்லாம் மழைங்ளா? தேங்காய் என்ன வெலை போகுதுங்ணா?"

கேட்டு திறக்கவில்லை.

"மூட்டுவலி தேவலைங்களா?"

அவனுக்கு மூட்டுவலியே கிடையாது. கேட்டைத் திறக்காமல் நலம் மட்டும் விசாரிப்பது யாருடைய வேலை என்று அவனுக்குத் தெரியும்; தன் வீட்டிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டவன்.

"கலா... இது அவ இல்ல. இவ வீட்டுலயும் திருஷ்டிதான் போட்டிருக்கா. இத்தனை நாளாக் கூப்பிட்டது இந்தப் பொம்மைதான்."

"அப்ப அவ நம்மளைக் கூப்பிடவே இல்லீங்களா?"

பொம்மை கூப்பிட்டது, பொம்மை வருகிறேன் என்றது. இடையில் மனிதர்களுக்கு என்ன வேலை? அவன் காருக்குத் திரும்பி நாலு எட்டு வைத்தான். தோரணத்தில் ஒரு மாவிலை காற்றில் திரும்பியது. உள்ளே எங்கோ ஒரு குழந்தை, மாட்டேன் மாட்டேன் என்று அடம்பிடித்து அழுதது. அழுகையைக் கேட்டால் அப்படியே பூங்கொடி.

நாச்சிமுத்து திரும்பி வந்து கேட்டை ஓங்கி உதைத்தான்.

"ஏ எருமை! காது செவுடா உனக்கு? தாய்மாமன் வெயில்ல காயறேன், உள்ள என்னடி புடுங்கற? கேட்டைத் தொறடி கழுதை!"

"சந்தோஷமுங்ணா, உங்க வாயால..." என்று ஆரம்பித்த பொம்மையின் பேச்சு பாதியில் நின்றது. வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. பட்டுப் புடவையும், கையில் தோசைக் கரண்டியுமாக நிஜப் பூங்கொடி ஓடி வந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்க நின்று, அவனையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருடா அது எருமைங்கறதுன்னு பாத்தேன். உலகத்துல ஒரே வாயிதான் அப்புடிப் பேசும்."

"தொறக்கப் போறியா, இல்லையா?"

"கூப்புடாம எதுக்கு வந்த நீ?" என்று கேட்டாள். ஆனால் கேட்டைத் திறந்துவிட்டுத்தான் கேட்டாள்.

"உன்ற பொம்மை கூப்பிட்டுச்சு. என்ற பொம்மை வர்றேன்னு வாக்குக் குடுத்துருச்சு. குடும்பத்துல யாரோ ஒருத்தருக்காச்சும் மானம் மரியாதை வேணுமில்ல?" தட்டை நீட்டினான். "இந்தா. அன்னிக்குக் கொண்டாந்து குடுத்திருக்கோணும். குடுக்காதது என்ற தப்புதான். வாங்கித் தொலை."

பூங்கொடி தட்டை வாங்கிக்கொண்டாள். கரண்டியைக் கலாமணியின் பழத்தட்டில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"யாரு மடியிலயும் உக்கார மாட்டேங்கறா. காலையிலருந்து ஒரே அழுகை. எங்க வூட்டுக்காரரோட பெரியப்பா பையனை மாமன் மொறைக்கு உக்கார வெச்சோம். அவரைக் கடிச்சுப் போட்டா."

நறுமுகை நாச்சிமுத்துவையும் கடித்தாள். ஆனால் அவன் "அட எருமைக்கன்னு!" என்று கத்தியதும், இதுவரை தன்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லையே என்பது போல அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரத்தில் ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். இரண்டாவது காதுக்கு மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பந்தி போட்டார்கள். கலாமணி ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அவள் சிரித்த சிரிப்பு இலை பரிமாறுகிறவருக்கே கேட்டது.

"ஒண்ணை ஒண்ணு திருடன்னு நெனச்சுட்டு புடிச்சு வெச்சிருந்திருக்குதுங்க்கா! அது வெச்சா இது கூப்பிடும், இது வெச்சா அது கூப்பிடும். சலிக்கவா செய்யும்? காது குத்தறது வீட்டுல நெசமாப் பேசிட்டு இருந்த சேதி, அதைச் சொல்லியிருக்குது. ஆனா ஒண்ணு. முதல்ல யாரோ நெசமான ஆளு கூப்பிட்டிருக்கோணுமே. இல்லாட்டி பொம்மை தானா ஆரம்பிக்காது."

நாச்சிமுத்து தங்கையைப் பார்த்தான். அவள் பாயசத்தைக் கிளறுவதில் மும்முரமாக இருந்தாள்.

"ஒரே ஒரு தடவைதான்" என்றாள் கடைசியில். "புள்ளைக்குக் காது குத்தோணும்னு பேச்சு வந்துது. போனாப் போகுதுன்னு கூப்பிட்டேன். எடுத்த ஒடனே நீ 'சாப்பிட்டியா கண்ணு'ன்னு கேட்ட. எங்கண்ணன் செத்தாலும் அப்புடிக் கேக்க மாட்டான், இது எவனோ திருட்டுப் பயன்னு வெச்சுட்டேன்."

பந்தியே சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்தான். ஆனால் அவனுக்குள் என்னவோ சுருக்கென்றது. வீட்டு வாசலில் தொங்கவிட்ட பொம்மைக்குத் தெரிந்த ஒரு வார்த்தை, இத்தனை வயதில் தன் வாயில் ஒரு தரம்கூட வரவில்லையே என்று நினைத்தான். இலையில் சாதம் ஆறியது.

பூங்கொடி வரிசை முழுக்க ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர் பட்டிருக்காது என்று முகமே சொன்னது. அவன் இலைக்கு அருகில் வந்தபோது நாச்சிமுத்து தொண்டையைச் செருமினான். இரண்டு பக்கமும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

"சாப்பிட்டியா... கண்ணு?"

பூங்கொடியின் கை அப்படியே நின்றது. கண்ணைச் சுருக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாயச வாளியைக் கீழே வைத்தாள். குனிந்து அவன் முழங்கைச் சதையைப் பிடித்து, நகம் பதியக் கிள்ளினாள்.

"ஆ! வுடுடி எருமை! ரத்தம் வருதுடி!"

"எங்கண்ணன்தான்" என்று கலாமணியிடம் சொல்லிவிட்டு, அவனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சோற்றைப் போடச் சொன்னாள்.